லண்டன் பஸ்ஸில் குழந்தையும் தள்ளுவண்டியும்: புதிதாகப் பயணம் செய்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ குடியேறி, கையில் குழந்தையோடு முதல் முறையாக பஸ் ஏறப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லண்டன் பஸ்கள் தரை தாழ்ந்தவை. நடுக்கதவு அகலமானது, உள்ளே தள்ளுவண்டியை நிறுத்த இடமும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடம் நமக்கு ஒதுக்கியது அல்ல, சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு ஒதுக்கியது. காலியாக இருக்கும் வரை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான். எனவே எந்த நிறுத்தத்திலும் வண்டியை மடிக்கத் தயாராக இருங்கள். கீழே சொல்லும் பாதி விஷயங்கள் அதற்கான ஏற்பாடுகள்தான்.

1. வண்டியை அளந்து பாருங்கள்

பிரிட்டனின் பஸ் விதிமுறைப்படி சக்கர நாற்காலி இடம் குறைந்தது 130 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் இருக்க வேண்டும். உங்கள் வண்டியை ஒரு டேப் வைத்து அளந்துவிடுங்கள். இரட்டைக் குழந்தைகளைப் பக்கம் பக்கமாக உட்கார வைக்கும் வண்டிகளில் பல இந்த அகலத்தைத் தொட்டுவிடும், சில தாண்டியும் போகும். தினமும் பஸ்தான் என்றால் முன்னும் பின்னுமாக இருக்கை உள்ள வண்டி நல்லது.

ஒரு குழந்தைக்கு, குடைபோல் மடியும் லேசான வண்டியே என் தேர்வு. ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர் 1965-ல் வடிவமைத்தது அது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர் அவர். அலுமினியக் குழாய்களால் ஆன அவருடைய முதல் வண்டி 3 கிலோகூட இல்லை. ஆனால் இந்த வகை வண்டிகளில் பல, பச்சிளங்குழந்தை மல்லாந்து படுக்க ஏற்றவை அல்ல. எந்த வயதிலிருந்து பயன்படுத்தலாம் என்று வண்டியோடு வந்த தாளில் பாருங்கள். அதுவரை குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணித்தொட்டில் பஸ்ஸுக்கு மிக வசதி. இரண்டு கையும் சும்மா இருக்கும்.

2. வீட்டில் மடித்துப் பழகுங்கள்

இடுப்பில் குழந்தை, மறு கையில் வண்டி. இந்த நிலையில் மடிக்க வர வேண்டும். முதலில் குழந்தை இல்லாமல் பழகுங்கள், அப்புறம் குழந்தையோடு. வரிசை முக்கியம்: பிரேக் போடுவது, குழந்தையைத் தூக்குவது, கீழ்க்கூடையைக் காலி செய்வது, கடைசியில் மடிப்பது. வண்டியின் மூட்டுகள் மடங்கும் இடத்தில் விரல் சிக்கினால் நசுங்கிவிடும். நடக்கிற வயதில் இன்னொரு பிள்ளை இருந்தால், மடிக்கும்போது அதன் இரண்டு கையையும் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்க வரும் விரல்தான் முதலில் மாட்டும்.

3. பையைக் குறையுங்கள்

முதுகில் மாட்டும் பை ஒன்று போதும். கைப்பிடியில் காய்கறிப் பைகளைத் தொங்கவிடவே வேண்டாம். குழந்தையைத் தூக்கிய நொடியில் முன்பக்கப் பாரம் போய், வண்டி அப்படியே பின்னால் சாயும். குழந்தை உள்ளே இருக்கும்போதே பஸ் குலுங்கிச் சாய்ந்தால் தலைதான் அடிபடும். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் வாரச் சாமான் வாங்குகிற நாளும் குழந்தையோடு பஸ்ஸில் போகிற நாளும் வேறு வேறாக இருந்தால் நல்லது.

பள்ளிக்கூட நேரம், அதாவது காலை எட்டிலிருந்து ஒன்பது, மாலை மூன்றிலிருந்து நான்கு, பஸ் நிரம்பி வழியும். முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

4. நிறுத்தத்தில்

நடைபாதை விளிம்பிலிருந்து தள்ளி நில்லுங்கள். பஸ் நிறுத்தத்துக்குள் வரும்போது அதன் பக்கக் கண்ணாடி நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டு வரும். வண்டி சாலையைப் பார்த்து நிற்கக் கூடாது. சாலைக்கு இணையாகத் திருப்பி, பிரேக் போட்டு வையுங்கள். பஸ் தெரிந்ததும் கையை நீட்டுங்கள்.

5. ஏறுவது

லண்டன் பஸ்ஸில் 2014 முதல் பணம் வாங்குவதில்லை. ஆய்ஸ்டர் எனும் லண்டன் பயண அட்டையோ வங்கி அட்டையோ கையில் தயாராக இருக்கட்டும். 11 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஏறும் முன் வண்டியை ஓட்டுநருக்குக் காட்டி, "மிடில் டோர், ப்ளீஸ்" என்று கேளுங்கள். அந்த வழியாக ஏறிய பிறகு அட்டையைத் தொட முன்னால் போனால், குழந்தையை விட்டு நகர வேண்டியிருக்கும். அதனால் முதலில் ஓட்டுநர் அருகில் உள்ள கருவியில் அட்டையைத் தொட்டுவிட்டு அப்புறம் நடுக்கதவுக்கு வருவதே நல்லது. இடமில்லை என்று அவர் சொன்னால் அடுத்த பஸ்ஸுக்கு நில்லுங்கள். உள்ளே எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும்.

6. வண்டியை நிறுத்துவது

மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். பஸ்ஸில் குழந்தைகளுக்கு அடிபட விபத்து நடக்க வேண்டும் என்பதில்லை. கிளம்பும்போது ஒரு இழுப்பு, திடீர் பிரேக்கில் ஒரு தள்ளல், அதுவே போதும். 2030-க்குள் பஸ்ஸாலோ பஸ்ஸுக்குள்ளோ ஒரு உயிர்கூடப் போகக் கூடாது என்று லண்டன் போக்குவரத்துத் துறை இலக்கு வைத்திருக்கிறது. பஸ் கிளம்பப்போகிறது, பிடித்துக்கொள்ளுங்கள் என்று 2018-ல் ஒலி அறிவிப்புகூட வைத்துப் பார்த்தார்கள்.

சக்கர நாற்காலி இடத்தில், முதுகு சாய்க்கும் உயரத்துக்கு மெத்தை வைத்த பலகை ஒன்று செங்குத்தாக இருக்கும். வண்டியின் முதுகு அந்தப் பலகையை ஒட்டி, குழந்தையின் முகம் பஸ்ஸின் பின்பக்கம் பார்த்தபடி நிறுத்துங்கள். ஓட்டுநர் திடீரென பிரேக் போட்டால் எல்லாமே முன்னோக்கித்தான் பாயும். அப்போது குழந்தையின் முதுகைப் பலகை தாங்கிக்கொள்ளும். முகம் முன்னால் பார்த்திருந்தால் தாங்குவது வார் மட்டும்தான். வண்டியைக் குறுக்காக, பஸ்ஸின் நடைவழியைப் பார்த்து நிறுத்தினால் பஸ் திரும்பும்போது சாய்ந்துவிடும்.

பிரேக்கை மிதித்துவிட்டு ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். தோள் வார், இடுப்பு வார் எல்லாம் மாட்டியிருக்கட்டும். அழுகிறதே என்று ஓடும் பஸ்ஸில் அவிழ்க்காதீர்கள். நீங்கள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வண்டியையும் பிடித்துக்கொள்ளுங்கள். பிரேக் இருந்தாலும் கையை எடுக்க வேண்டாம். இது கைபேசி பார்க்கிற நேரம் இல்லை. மழைக்கான பிளாஸ்டிக் உறையை உள்ளே வந்ததும் நீக்கிவிடுங்கள், குளிர்காலத்தில் பஸ்ஸுக்குள் வெப்பம் அதிகம்.

7. சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால்

அவர் நிறுத்தத்தில் காத்திருப்பது தெரிந்ததுமே மடிக்க ஆரம்பியுங்கள். ஓட்டுநர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். 2012-ல் டக் பாலி என்பவர் வட இங்கிலாந்தில் வெதர்பியிலிருந்து லீட்ஸுக்குப் போக பஸ் ஏற வந்தார். அவர் சக்கர நாற்காலியில் செல்பவர். அந்த இடத்தில் தூங்கும் குழந்தையோடு ஒரு வண்டி நின்றது. தாய் நகர மறுத்ததால் அவரால் ஏற முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓட்டுநர் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, நியாயமில்லாமல் மறுப்பவரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் பஸ்ஸைச் சற்று நிறுத்திவைக்கவும் யோசிக்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

குழந்தை தூங்குகிறது என்பது நமக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் நமக்கு மடிக்கலாம், தூக்கலாம், இறங்கலாம் என்று மூன்று வழி இருக்கிறது. அவருக்கு அந்த ஒரே இடம்தான்.

மடிக்கவே முடியாத நிலை என்றால் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். முதல் முறை அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அதே அட்டையில் வேறு பஸ் ஏறினால் மறுபடி கட்டணம் எடுக்காது. பத்து நிமிடம் தாமதமாகலாம், காசு போகாது.

8. மடித்த பிறகும், நடக்கும் பிள்ளையும்

மடித்த வண்டியைச் சாமான் வைக்கும் இடத்திலோ உங்கள் காலருகிலோ வையுங்கள், நடைவழியில் வேண்டாம். குழந்தையை மடியில் வைத்திருந்தால், எதிரே இன்னொரு இருக்கையோ தடுப்போ உள்ள இடமாகப் பார்த்து உட்காருங்கள். நடக்கும் பிள்ளை ஜன்னல் பக்கம், நீங்கள் வழிப்பக்கம்.

மேல்தளத்து முன் இருக்கைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஆசைப்படும். வண்டியோடு போகிற நாளில் கீழ்தளம்தான் என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். ஓடும் பஸ்ஸில் சின்னக் கால்கள் படி இறங்குவதைப்போல ஆபத்து வேறு இல்லை.

9. இறங்குவது

ஒரு நிறுத்தம் முன்பே சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். நீலப் பொத்தான் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு. பஸ் முழுக்க நின்று கதவு திறக்கும் வரை பிரேக்கை எடுக்காதீர்கள். நடுக்கதவில் திரும்பி, நீங்கள் முதலில் இறங்கி, வண்டியின் பெரிய பின்சக்கரங்களை முதலில் தரையில் வையுங்கள். முன்பக்கமாகத் தள்ளினால் சிறிய சக்கரங்கள் இடைவெளியில் சிக்கும். நடக்கும் பிள்ளையின் கை வண்டியின் கைப்பிடியில், அதன்மேல் உங்கள் கை. உதவி வேண்டுமானால் பக்கத்தில் நிற்பவரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள், பெரும்பாலும் யாராவது ஒருவர் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொடுப்பார்.

இறங்கியதும் பஸ்ஸுக்கு முன்னாலோ பின்னாலோ சாலையைக் கடக்காமல், அது போகும்வரை நில்லுங்கள். ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹை ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் நிறுத்தத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிள் பாதை ஓடுகிறது. அங்கே இறங்கினால் நீங்கள் நிற்பது ஒரு சின்னத் தீவில்தான். பிள்ளையின் கையை விடாமல் இரண்டு பக்கமும் பார்த்து, சைக்கிள் வரவில்லை என்று தெரிந்த பிறகு வண்டியைத் தள்ளுங்கள்.