தாத்தாவின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள்: ஆவணக் காப்பகத்தில் உதவி கேட்பது எப்படி?

முதல்முறை ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் என் கொள்ளுத்தாத்தாவின் கதையை இருபது நிமிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவரைப் பற்றி எந்த அலுவலகம் எழுதி வைத்திருக்கும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன். இந்தக் கேள்விக்கு விடையோடு போவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1. வீட்டிலேயே ஒரு பக்கம் எழுதுங்கள்

பெயர், உறவு, ஊர், வேலை, ஏறத்தாழ எந்த வருடங்கள். ஒரே பக்கம் போதும். நடுவில் ஒரு கோடு போட்டு, கையில் காகிதமாக இருப்பதை ஒரு பக்கமும், "பாட்டி சொன்னாள்" வகையை மறுபக்கமும் எழுதுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் உதவி செய்பவரும் உங்களோடு சேர்ந்து வழி தவறுவார். பெயரை எப்படியெல்லாம் எழுதியிருக்கக்கூடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார்.

2. நூலகரா, காப்பாளரா?

அச்சில் வந்தவை நூலகரிடம்: பழைய செய்தித்தாள், வரைபடம், ஊர் வரலாறு, முகவரிக் கையேடு. ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள கோப்பு, பதிவேடு, கடிதக்கட்டு எல்லாம் ஆவணக் காப்பாளரிடம். குழப்பமாக இருந்தால் நூலகரிடம் தொடங்குங்கள். எங்கே போக வேண்டும் என்று கைகாட்டுவது அவருக்கு அன்றாட வேலை.

3. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். நூலகத்தில் புத்தகங்கள் பொருள்வாரியாக இருக்கும். காப்பகத்தில் தாள்கள் அவற்றை உருவாக்கிய அலுவலகத்தின் பெயரில், அந்த அலுவலகம் வைத்த வரிசையிலேயே இருக்கும். நீதிமன்றத் தாள்கள் ஓரிடம், ரயில்வேத் தாள்கள் வேறிடம். ஓர் அமைப்பின் தாள்களை மற்றவற்றோடு கலக்கக்கூடாது என்று 1841-இல் பிரெஞ்சு அரசின் சுற்றறிக்கை ஒன்று சொன்னது. பிறகு உலகெங்கும் காப்பகங்கள் இதே வழியில் வந்தன. அதனால் "என் தாத்தாவின் கோப்பு" என்று ஒன்று அநேகமாக எங்கும் இருக்காது. அவர் நூறு அலுவலகங்களின் தாள்களில் சிதறிக் கிடப்பார்.

நான் முதலில் எழுதிய மின்னஞ்சல் இப்படி இருந்தது: "என் குடும்பத்தைப் பற்றி உங்களிடம் உள்ள எல்லாவற்றையும் அனுப்ப முடியுமா?" பதில் வந்தது, மரியாதையாக, ஒன்றுக்கும் உதவாமல். தப்பு அவர்கள்மேல் இல்லை.

பிறகு எழுதியது இது: "என் கொள்ளுத்தாத்தா 1920-களில் ரயில்வேயில் எஞ்சின் பணியாளராக இருந்தார் என்பது குடும்பத்தில் சொல்வது. சான்று இல்லை. அந்தக் காலத்துப் பணியாளர் பதிவேடுகள் உங்களிடம் உண்டா? பெயர் அகரவரிசை உள்ளதா? இணையப் பட்டியலில் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. தேடிய சொற்களைக் கீழே தந்திருக்கிறேன்."

கடைசி இரண்டு வரிகள்தான் முக்கியம். ஏற்கெனவே தேடிய இடத்தில் அவர் மறுபடி தேட வேண்டியதில்லை. சில நேரம், "அந்தச் சொல்லை அன்றைக்குப் பயன்படுத்தவில்லை, இப்படித் தேடிப் பாருங்கள்" என்று ஒரே வரியில் பூட்டைத் திறந்துவிடுவார்.

4. கிளம்பும் முன்

பட்டியலில் உள்ள கோப்பு எண்ணை அப்படியே, புள்ளியும் சாய்கோடும் மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். கோப்பு வேறு கட்டடத்தில் இருந்தால் வந்து சேர நாளாகலாம், முன்கூட்டியே கேளுங்கள். அது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிநபர் விவரங்களை 72 ஆண்டுகள் மூடி வைப்பார்கள். 1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஏப்ரலில்தான் வெளியானது. இங்கிலாந்தில் காத்திருப்பு 100 ஆண்டு. மேசையில் இருப்பவரிடம் கெஞ்சினாலும் கோபித்தாலும் இது மாறாது.

5. வாசிப்பறையில்

பேனா வேண்டாம், பென்சில் மட்டும். பை வெளியே. ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. தாள்கள் முன்பின்னாக இருப்பதுபோல் தோன்றினாலும் நீங்களே அடுக்காதீர்கள், காப்பாளரிடம் சொல்லுங்கள். அந்த வரிசையே ஒரு தகவலாக இருக்கலாம். வெள்ளைக் கையுறை சினிமாவில் அழகு. காகிதத்துக்குக் கழுவி உலர்த்திய கையே மேல், கையுறை போட்டால் விரலுக்குத் தாள் தெரியாது. பழைய புகைப்படங்களுக்குத்தான் கையுறை கேட்பார்கள்.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால், முதலில் கோப்பு எண் உள்ள சீட்டைப் படமெடுங்கள், அப்புறம் பக்கங்களை. நான் இதைச் செய்யாமல் நாற்பது படங்களோடு வீடு திரும்பி, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விழித்திருக்கிறேன்.

புரியாததைக் கேட்கத் தயங்காதீர்கள். பழைய இங்கிலாந்துப் பதிவேட்டில் 1720 பிப்ரவரி என்று இருந்தால், இன்றைய கணக்கில் அது பெரும்பாலும் 1721. 1752-க்கு முன்பு அங்கே ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. தனியாக உட்கார்ந்தால் இதில் ஒரு வாரம் போய்விடும். அதே சமயம் முழுப் பதிவேட்டையும் உங்களுக்காகப் படித்துத் தருவது காப்பாளரின் வேலையல்ல.

6. "இல்லை" என்றால்

எந்த "இல்லை" என்று கேளுங்கள். அப்படி ஒரு பதிவேடே எழுதப்படவில்லையா, அழிந்துவிட்டதா, வேறிடத்தில் இருக்கிறதா? 1922-இல் டப்ளின் பொது ஆவண அலுவலகம் எரிந்தபோது அயர்லாந்தின் 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி போயிற்று. ஆனால் 1847 முதல் 1864 வரை அச்சான நில மதிப்பீட்டுப் பட்டியலில் குடியிருந்தவர்களின் பெயர்கள் உண்டு. அங்கே தேடுபவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே அடுத்த கேள்வி: "இதற்குப் பதிலாக எதைப் பார்க்கலாம்?" கிடைக்காத தேடலையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

7. திரும்பி வந்த பிறகு

கண்டுபிடித்ததை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். பட்டியலில் பிழை பார்த்திருந்தால் கோப்பு எண்ணோடு சொல்லுங்கள். "அடையாளம் தெரியாத ஆண், வாசற்படியில்" என்று ஒரு புகைப்படத்துக்குக் குறிப்பு இருந்து, அதே படம் பெயரோடு உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால், அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.