தத்து வந்த பிள்ளையிடம் எப்போது, எப்படிச் சொல்வது

குன்னூர், கோத்தகிரி மாதிரி ஊர்களில் ஒரு வீட்டுச் சேதி மறுநாளே டீக்கடைக்கு வந்துவிடும். நீங்கள் சொல்லாவிட்டால் ஸ்கூல் வேனில் கூட வரும் பையனோ, கல்யாண வீட்டில் ஒரு பாட்டியோ சொல்லிவிடுவார்கள். அப்படித் தெரியவரும்போது தத்து என்பதைவிட, "இத்தனை நாள் மறைச்சுட்டாங்களே" என்பதுதான் பிள்ளையை அதிகம் வருத்தும். பெரியவளானதும் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். மடியில் கிடக்கும் வயதிலேயே "தத்து" என்ற சொல் வீட்டில் புழங்கட்டும். அர்த்தம் பிறகு புரியும்.

இரண்டு மூன்று வயதில் கதையாகச் சொல்லுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சொல்லலாம்: "நீ வந்த அன்னைக்கு மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறினோம். பர்லியார் தாண்டினதும் குளிர ஆரம்பிச்சுது. அப்பா மப்ளரை உன்மேல சுத்தினார். 14 கொண்டை ஊசி வளைவும் நீ தூங்கிட்டே வந்தே." நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பிள்ளை நூறு முறை கேட்கும், ஒரு விவரம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் கதையை பஸ்ஸிலிருந்து தொடங்குவது தப்பு. தான் பிறக்கவே இல்லை, எங்கிருந்தோ எடுத்து வந்தார்கள் என்று சின்னப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வதுண்டு. அதனால் முதல் வரி இப்படி இருக்கட்டும்: "எல்லாரையும் போல நீயும் ஒரு அம்மா வயித்துலதான் பிறந்தே. அவங்களால வளர்க்க முடியலை. நாங்க உனக்கு அம்மா அப்பா ஆனோம்." ஐந்து வயதுவரை இந்த மூன்று வாக்கியம் போதும்.

ஆறேழு வயதில் வரும் கேள்விதான் கடினம்: "அவங்க ஏன் என்னை விட்டாங்க?" முகம் பார்த்துக் கேட்க மாட்டார்கள், பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி கேட்பார்கள். "உன்மேல உயிரா இருந்ததாலதான் கொடுத்தாங்க" என்று சொல்லாதீர்கள். பாசம் இருந்தால் கொடுத்துவிடுவார்கள் என்றால், நீங்களும் கொடுத்துவிடலாமே? "ஏழைங்க, அதான்" என்று மட்டும் நிறுத்தினால், மாதக் கடைசியில் வீட்டில் காசில்லை என்று பேசும்போது பிள்ளைக்கு உள்ளூர உதறும். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியலைடா கண்ணு. ஆனா நீ செஞ்ச எதனாலயும் இல்லை." அழுதால் அழட்டும். உடனே ஐஸ்கிரீம் வாங்கித் தந்து பேச்சை மாற்ற வேண்டாம். அந்த வருத்தம் நியாயமானது.

சொந்தக்காரர்களிடம் கறாராக இருங்கள். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்ற கேலி மற்ற வீடுகளில் சிரிப்பு. இந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லக்கூடாது. "புண்ணியம் பண்ணியிருக்கீங்க" என்பதும் அப்படித்தான், பிள்ளையைக் கடன்காரியாக்கிவிடும். "எங்களுக்குப் பிள்ளை வேணும்னு ஆசைப்பட்டோம், வந்தா" என்று பிள்ளை காதுபடச் சொல்லுங்கள். பிறந்த கதையைக் கடைவீதியில் விசாரித்தால், "அது அவ விஷயம், அவளே சொல்லணும்னா சொல்லுவா" போதும்.

ஸ்கூலில் குடும்ப மரம் வரையச் சொல்வார்கள், பிறந்தபோது எடுத்த போட்டோ கேட்பார்கள். ஜூனிலேயே டீச்சரிடம் பேசிவிடுங்கள், பிள்ளையிடம் கேட்டுவிட்டு.

பத்துப் பன்னிரண்டு வயதில் காகிதங்களைக் காட்டலாம். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர்தான் இருக்கும், "அப்போ இது பொய்யா?" என்று கேட்டால், தத்து முடிந்ததும் சட்டப்படி அப்படித்தான் எழுதுவார்கள் என்று விளக்குங்கள். தத்து ஆணை 2022 செப்டம்பர் முதல் கலெக்டர் தருவது, அதற்கு முன் கோர்ட் தந்தது. பிறந்த இடத்தைத் தேட 18 வயதானால் பிள்ளை தானே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் உங்களோடு சேர்ந்து. பெற்றவர் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால் அவர் எழுதிச் சம்மதித்தால்தான் உண்டு. "கண்டிப்பா கண்டுபிடிச்சுடலாம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆணை, குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். மலை ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும். வந்த அன்று போட்டிருந்த சட்டையையும் அதோடு வையுங்கள். பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.