ஷேக்ஸ்பியரோட 'மேக்பெத்' நாடகத்துல வர்ற லேடி மேக்பெத் பத்தி எழுதும்போது எல்லாரும் சறுக்குற இடங்கள்

"மேக்பெத் நல்லவன், பொண்டாட்டிதான் ஏத்திவிட்டு கெடுத்துட்டா"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ். முதல் ஆக்ட் 3-வது சீனை இன்னொரு தடவை படிங்க, நீ ராஜா ஆவேன்னு சூனியக்காரிங்க சொன்னதைக் கேட்டதுமே அவன் மனசுல ராஜா டங்கனைக் கொல்ற நினைப்பு வந்துடுது, அப்போ அவ மேடைக்கே வரல.

அடுத்த தப்புதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். அதே ஆக்ட் 5-வது சீன்ல ஆவிங்களைக் கூப்பிட்டு என் பெண்மையை எடுத்துடுங்க, தாய்ப்பாலுக்கு பதிலா பித்தநீர் குடுங்கன்னு கேக்குறா இல்லையா, அதை வெச்சு இவளுக்கு ஈரமே கிடையாதுன்னு முடிச்சிடுறாங்க. ஏற்கனவே கல்லா இருக்கிறவ என்னை கல்லாக்குன்னு எதுக்கு கெஞ்சணும்? குற்ற உணர்ச்சி உள்ள வர்ற வழியை அடைச்சிடுங்கன்னு கேக்குறான்னா அது வந்துடும்னு அவளுக்கு பயம் இருக்குன்னுதானே அர்த்தம். இரக்கம்னா பொம்பளை, துணிஞ்சு கொல்றதுன்னா ஆம்பளைங்கிற கணக்கை அவளும் அப்படியே நம்புறா, அதனாலதான் புருஷன் தயங்கும்போது அவ எடுக்கிற ஆயுதமும் அதுவே, செய்யத் துணிஞ்சப்போதான் நீ ஆம்பளையா இருந்தேங்கிறா. (அப்போ இங்கிலாந்து மேடையில பெண் வேஷத்தை பசங்கதான் கட்டுவாங்க, இந்த வசனத்தையும் ஒரு பையன்தான் பேசியிருப்பான், யோசிச்சுப் பாருங்க.) இவ்வளவு பேசினவளால கடைசியில கத்தியை இறக்க முடியல, தூங்கிட்டு இருந்த டங்கன் அவ அப்பா மாதிரி தெரிஞ்சாராம்.

பேராசை பத்தி எழுதுறப்போ கவனிங்க, நான் ராணி ஆகணும்னு அவ வாயால ஒரு இடத்துலகூட சொல்லல, அவ பேச்செல்லாம் அவனுக்கு கிடைக்கப்போற கிரீடம்தான். சூனியக்காரிங்க சொன்னதைப் பத்தி எழுதின கடிதத்துல அவனும் அவளை தன் பெருமையில பங்காளின்னுதான் கூப்பிடுறான். ஆனா கூட இருந்த தளபதி பாங்க்வோவைக் கொல்றப்போ உனக்கு எதுவும் தெரியாமலே இருக்கட்டும்னு ஒதுக்கிடுறான், அதோட அந்த பங்கு போச்சு.

அதனால 5-வது ஆக்ட்ல திடீர்னு பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு எழுதாதீங்க. 3-வது ஆக்ட்லயே தனியா நின்னு எல்லாத்தையும் செலவழிச்சும் ஒண்ணும் கிடைக்கலைன்னு சொல்லிடுறா, புருஷன் உள்ள வந்ததும் மறைச்சுக்குறா, அவ்வளவுதான். தூக்கத்துல நடக்குற சீன்ல வர்ற ஒரு வரியை நிறைய பேரு விட்டுடுறாங்க, ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு பொண்டாட்டி இருந்தாளே, இப்போ எங்க அவங்குறா. அந்த ஃபைஃப் பிரபுதான் மேக்டஃப், மேக்பெத் ஆள் வெச்சு அவன் குடும்பத்தைக் கொன்னதுல இவளுக்கு பங்கே இல்ல, இருந்தாலும் அந்த ரத்தமும் இவ கைக்கு வந்துடுது. செய்யுள்ல கம்பீரமா பேசினவ அந்த சீன்ல துண்டு துண்டா உரைநடையில பேசுறா, இதையும் எழுதுங்க.

நடிக்கிறவங்களுக்கு ஒண்ணு, அந்த சீன்ல கத்திக் கூப்பாடு போடாதீங்க. 1785-ல லண்டன் ட்ரூரி லேன் மேடையில நடிகை சாரா சிடன்ஸ் செஞ்சது கையில இருந்த மெழுகுவர்த்தியைக் கீழ வெச்சதுதான், கையில ரத்தம் இருக்குறதா நெனச்சு ரெண்டு கையையும் தேய்ச்சுக் கழுவணுமே.