அம்மிக்கு முன்னால் அரை மணி நேரம்

அன்றாட வாழ்க்கையின் அவசர ஓட்டத்தைக் குறைக்க எனக்கு வாய்த்தது அம்மிதான். ஞாயிற்றுக்கிழமை போனைப் பரணில் வைத்துவிடுவேன் (ஏறி எடுக்கச் சோம்பல், அதனால் பரண்). அப்புறம் தேங்காய்த் துவையல்.

நான்கு வரமிளகாய், இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, இரண்டையும் எண்ணெயில் வறுத்து ஆறவிடுங்கள். முதலில் மிளகாயும் கல்லுப்பும். அவை நன்றாக மசிந்த பிறகு புளி, பிறகு தேங்காய்த் துருவல். பருப்பு கடைசியில்தான், அது கொரகொரப்பாக நிற்க வேண்டும். தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்றினால் குழவி வழுக்கும். அவசரப்பட்டால் தேங்காய் ஓரத்தில் வழியும். முதல் வாரம் கால்வாசி தரைக்குத்தான் போனது. மிக்ஸியில் ஒரு நிமிட வேலை, தெரியும்.

வழித்தெடுத்ததும் அம்மியைக் கழுவிவிடாதீர்கள். சூடான சோற்றை அதன்மேலேயே போட்டுப் பிரட்டிச் சாப்பிடுங்கள்.