சிங்கப்பூரில் சமயவியல் படிக்க நினைப்பவர்களுக்கு

சமயத்தைப் பட்டப் படிப்பாக எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், "குருக்களாகப் போகிறாயா?" என்ற கேள்வி உறுதியாக வரும். பெற்றோர் மட்டுமல்ல, விண்ணப்பிக்கும் மாணவர்கள் பலருமே இந்த இடத்தில் குழம்புகிறார்கள். ஆகவே முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 1948இல் தொடங்கிய டிரினிட்டி இறையியல் கல்லூரி தேவாலயப் பணிக்கு ஆள் தயாரிக்கிறது. பிரைட் ஹில் மடாலயத்தில் உள்ள பௌத்தக் கல்லூரி துறவிகளுக்கானது. மதரசா முடித்துக் கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்துக்குப் போவதும் அதே வகைதான். அங்கெல்லாம் நம்பிக்கைக்கு உள்ளே நின்று படிப்பார்கள். சமயவியலில் நீங்கள் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம், எதையும் நம்பாதவராகவும் இருக்கலாம். மனிதர்கள் எதை நம்புகிறார்கள், என்ன செய்கிறார்கள், அது எப்படி அந்த வடிவத்துக்கு வந்தது என்பதே அங்கே பாடம். இந்த இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்று தெரியாமல் விண்ணப்பித்தால் முதல் பருவத்திலேயே மனம் கசந்துவிடும்.

அடுத்தது இடம். தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் "சமயவியல்" என்ற பெயரில் தனி முதன்மைப் பாடம் கிடையாது. பட்டத்தை நீங்களே கோத்து எடுக்க வேண்டும். வரலாறு, சமூகவியல், தத்துவம், தேசியப் பல்கலைக்கழகமானால் தெற்காசியவியல், தென்கிழக்காசியவியல், மலாய் ஆய்வியல் ஆகியவற்றில் ஒன்றை முதன்மையாக எடுத்து, மற்றத் துறைகளில் சமயம் பேசும் பாடங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு அது நல்ல வாசல்.

எதை முதன்மையாக எடுப்பது? ஆசிரியப் பணியில் கண் இருந்தால் வரலாறு, தமிழ், ஆங்கில இலக்கியம் இவற்றில் ஒன்றை எடுங்கள். நம் பள்ளிகளில் சமயம் ஒரு பாடமாக இல்லை. 1984இல் உயர்நிலை மூன்று, நான்கில் "சமய அறிவு" கட்டாயப் பாடமாக வந்தது. 1989இலேயே அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். கற்பிக்கும் பாடம் எதனோடும் ஒட்டாத பட்டத்தோடு ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தால் அங்கேயே நின்றுவிடும். சமூக சேவை, மரபுடைமை, செய்தித்துறை என்று நினைப்பவர்களுக்குச் சமூகவியல் பொருந்தும்.

வெளிநாடு போக வசதி உள்ளவர்களுக்கு இங்கிலாந்தில் சமயவியல் மூன்றாண்டுப் படிப்பு, ஸ்காட்லாந்தில் நான்காண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்து நாகரிகம் தனித் துறையாகவே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறிஸ்துவ ஆய்வு என்று தனித்தனித் துறைகள் உண்டு. அவற்றை முதுகலைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பாடத்தின் எடையைக் குறைத்து மதிக்காதீர்கள். தேசியப் பல்கலைக்கழகக் கணக்கில் 4 அலகுப் பாடம் ஒன்றுக்கு வாரம் 10 மணி நேரம். வகுப்பு மூன்று மணி என்றால் மீதி ஏழும் வாசிப்பும் எழுத்தும்தான். பாடத்துக்கு வாரம் 50 பக்கத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பருவத்தில் மூன்று வாசிப்புப் பாடங்களை அடுக்கினால் ஏழாம் வாரத்தில் மூச்சு முட்டும். இரண்டு போதும்.

மொழியைத் தள்ளிப்போடாதீர்கள். அரபு, சமஸ்கிருதம், பாலி, செவ்வியல் சீனம் என எதுவானாலும் முதலாண்டிலேயே தொடங்க வேண்டும். ஒரு நிலை முடித்தால்தான் அடுத்த நிலை. மூன்றாமாண்டில் தொடங்கினால் மூலநூலைத் தொடும் முன்பே பட்டம் முடிந்துவிடும். தமிழ் வாசிக்கத் தெரிந்த மாணவர் கையில் ஏற்கெனவே ஒரு பெரும் சொத்து இருக்கிறது. பலர் அதை உணர்வதே இல்லை. தேவாரமும் திருவாய்மொழியும் இருக்கட்டும், மணிமேகலை பௌத்தக் காப்பியம், சீவக சிந்தாமணி சமணம், சீறாப்புராணம் இஸ்லாம், தேம்பாவணி கிறிஸ்துவம். ஐந்தாறு சமயங்கள் ஒரே மொழியில் காப்பியமும் பதிகமும் பாடியிருக்கின்றன. சமயம், மதம், நெறி, மார்க்கம், வேதம் என்ற சொற்களை யார் எப்போது பயன்படுத்துகிறார்கள் என்று மட்டும் பட்டியலிட்டுப் பாருங்கள். முதல் கட்டுரைக்கான கேள்வி அதிலேயே கிடைத்துவிடும்.

கட்டுரை எங்கே சறுக்கும்? பெரும்பாலும் பிரசங்கமாகிவிடும். "அன்பே எல்லாச் சமயங்களின் சாரம்" என்று எழுதினால் மதிப்பெண் வராது. அது உங்கள் நம்பிக்கையாக இருக்கலாம். ஆனால் எந்தச் சான்றும் அதைக் காட்டவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்பதும் ஆய்வல்ல, தீர்ப்பு. தீமிதிப்பவர் "அம்மன் என்னைத் தாங்கினாள்" என்றால், அவர் அப்படிச் சொன்னார் என்று எழுதுங்கள். யாரிடம், எப்போது, எந்தச் சொற்களில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். தாங்கினாளா இல்லையா என்பதை முடிவு செய்யும் வேலை உங்களுடையதல்ல. சமயவியல் அறிஞர் நினியன் ஸ்மார்ட் சமயத்துக்கு ஏழு பரிமாணங்கள் சொன்னார்: சடங்கு, கதை, அனுபவம், சமூகம், அறம், கோட்பாடு, கண்ணால் காணும் பொருள்கள். எழுதி முடித்ததும் இந்த ஏழையும் உங்கள் கட்டுரையோடு பொருத்திப் பாருங்கள். கோட்பாடு மட்டும் நான்கு பக்கம் இருந்து, சாமான்களும் சடங்கும் ஒரு வரிகூட இல்லையென்றால், நீங்கள் புத்தகத்தை மட்டுமே படித்திருக்கிறீர்கள்.

களப்பணிக்கு இந்த ஊரைப் போல வாய்ப்பான இடம் அரிது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலிலிருந்து சில அடியில் ஜாமியா சூலியா பள்ளிவாசல், கொஞ்சம் நடந்தால் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே ஒரு வாரநாள் காலையில் ஒரு மணி நேரம் நின்று குறிப்பெழுதிப் பழகுங்கள். "சீன பக்தர்களும் கிருஷ்ணனை வணங்குகிறார்கள், இது நல்லிணக்கத்தின் அடையாளம்" என்பது குறிப்பாகாது. குறிப்பு இப்படி இருக்க வேண்டும்: "9.10. நடுவயதுப் பெண், கையில் மூன்று ஊதுபத்தி. குவான் இம் வாசலிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றவில்லை, கிருஷ்ணன் கோயில் வாசல் முன்னே நின்று மூன்று முறை தலை தாழ்த்தினார், பத்தியைக் கலசத்தில் குத்தினார், உள்ளே போகவில்லை." செருப்பைக் கழற்றாததும் உள்ளே போகாததும்தான் உங்கள் ஆய்வுக் கேள்வி. நல்லிணக்கம் என்று முதலிலேயே எழுதிவிட்டால் அந்தச் செருப்பு கண்ணில் படாது.

எண்ணுங்கள். எத்தனை பேர், எந்த வயது, எவ்வளவு நேரம். இடத்தின் வரைபடம் ஒன்றைக் கையால் போடுங்கள். குறிப்பை அன்று இரவே விரித்து எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி போய்விடும். பேசும்போது "இதற்கு அர்த்தம் என்ன?" என்று தொடங்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லாரும் மனப்பாடமான பதிலையே சொல்வார்கள், அல்லது "குருக்களைக் கேளுங்க" என்பார்கள். "முதல்ல என்ன செய்வீங்கம்மா? அப்புறம்?" என்று கேளுங்கள். ஆள் தன் பால்குடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் நிற்காது. பூசை நேரத்தில் கேள்வி கேட்பதும் அலுவலகத்தில் சொல்லாமல் படம் எடுப்பதும் கூடாது. அது மரியாதைக் குறைவு, அதோடு அடுத்து வரும் மாணவருக்கும் கதவை அடைத்துவிடும்.

ஆய்வேட்டுக்குப் பேட்டி எடுப்பதானால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். பலர் இடறுவது இங்கேதான். தைப்பூசம் ஆண்டுக்கு ஒரு நாள். அனுமதி வருமுன் எடுத்த பேட்டியைப் பின்னர் சேர்க்க முடியாது. ஆகையால் தை மாதத்துக்கு நான்கு மாதம் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். சிறார்களிடம் பேசுவதென்றால் பெற்றோர் ஒப்புதலும் தேவை. தலைப்பை இறுக்குங்கள். "சிங்கப்பூரில் இந்து சமயம்" என்பது பத்து ஆய்வேடு. "ஒரு கோயிலின் அன்னதானத்தில் யார் பரிமாறுகிறார்கள், யார் பாத்திரம் கழுவுகிறார்கள்" என்பது ஒன்று. பழைய செய்திகளுக்கு, 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் இதழ்களைத் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கிறது. ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் உண்டு.

இன்னொன்று. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறி, 2019இல் இணையத்தையும் கருத்தில் கொண்டு திருத்தப்பட்டது. வகுப்பில் கடினமான கேள்வி கேட்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கருத்தரங்கில் யாரோ சொன்ன ஒரு வரியை வெட்டிச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அந்த வரிக்குப் பின்னால் இருந்த அரை மணி நேர விவாதம் அதோடு போகாது.

ஆய்வேடு முடிந்ததும் இரண்டு பக்கச் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, பேசியவர்களிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். "இங்கே நீ தப்பா எழுதியிருக்கே தம்பி" என்று யாராவது சொன்னால் அங்கேயே உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.