டேட்டாஸ்டோரில் கிடக்கும் அனாதை ஃபைல்கள்: அழிக்கும் முன் நடக்கும் தவறுகள்

விஎம்வேரில் விஎம்களின் (மெய்நிகர் கணினிகளின்) ஃபைல்கள் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோர் 85 சதவீதத்தைத் தாண்டி, நிர்வாக மென்பொருளான விசென்டரில் சிவப்பு அலாரம் வந்ததும், யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி கிடக்கும் பெரிய விஎம்டிகே ஃபைலைத் (விஎம்மின் டிஸ்க்) தேடிப் போவது வழக்கம். பெயர் பழையது, தேதியும் பழையது, அழித்துவிடலாம் என்று முடிவாகிவிடும். இந்த இரண்டையும் நம்பித்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

தேதியை ஏன் நம்பக் கூடாது? ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையைப் பிடித்து வைப்பது) எடுத்த நொடியிலிருந்து மூல டிஸ்க்கில் எதுவும் எழுதப்படுவதில்லை. புதிய மாற்றங்கள் எல்லாம் 000001 என்று எண் ஒட்டிய டெல்டா ஃபைலுக்குப் போகின்றன (டேட்டாஸ்டோரின் ஃபைல் சிஸ்டமான விஎம்எஃப்எஸ் 6-இல் அதன் பெயர் செஸ்பார்ஸ் என்று முடியும்). ஆகவே எட்டு மாதமாகத் தொடப்படாத ஃபிளாட் ஃபைல் (மூல டிஸ்க்கின் தரவு இருக்கும் ஃபைல்), இன்று ஓடும் டேட்டாபேஸ் சர்வரின் அடித்தளமாக இருக்கலாம். அது போனால் மேலே இருக்கும் டெல்டாக்களால் ஒரு பயனும் இல்லை. ‘ஓடும் விஎம்மின் ஃபைலை, விஎம்களை இயக்கும் ஈஎஸ்எக்ஸ்ஐ பூட்டி வைத்திருக்குமே?’ என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அணைத்து வைத்திருக்கும் விஎம்முக்கும், புதிய விஎம் உருவாக்க அச்சாக வைத்திருக்கும் டெம்ப்ளேட்டுக்கும் அந்தப் பூட்டு கிடையாது.

பெயரும் அப்படித்தான். விசென்டரில் விஎம்மின் பெயரை மாற்றினால் டேட்டாஸ்டோரில் ஃபோல்டரின் பெயர் மாறாது. ‘டெஸ்ட்-பழையது’ ஃபோல்டருக்குள் சம்பளக் கணக்கு சர்வர் ஓடிக்கொண்டிருப்பது அதிசயமே இல்லை.

சரியான வழி, யார் யாரைக் குறிக்கிறார்கள் என்று பார்ப்பது. விஎம்மின் அமைப்புகள் இருக்கும் விஎம்எக்ஸ் ஃபைலைத் திறந்தால் எந்த டிஸ்க் என்று எழுதியிருக்கும். அந்த டிஸ்க்கின் சிறிய விவர ஃபைலில் அதன் தாய் டிஸ்க்கின் பெயர் இருக்கும். அப்படியே ஒவ்வொன்றாக இறங்குங்கள். பேரன்ட் சிஐடி (தாய் டிஸ்க்கின் அடையாள எண்) வரியில் எட்டு ‘எஃப்’ வந்தால் அடியைத் தொட்டுவிட்டீர்கள். இந்தச் சங்கிலியில் வந்த எதையும் தொடாதீர்கள்.

அடுத்தது, ஸ்னாப்ஷாட் மேனேஜர் காலியாக இருக்கிறது, ஆகவே டெல்டாக்கள் குப்பை என்று நினைப்பது. பேக்கப் மென்பொருள் ஸ்னாப்ஷாட்டை நீக்கும்போது, டெல்டாவைத் தாய் டிஸ்க்கோடு சேர்க்கும் ஒன்றிணைப்பு பாதியில் நின்றால் பட்டியல் காலியாகிவிடும், விஎம் மட்டும் டெல்டாவின் மேலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து அந்த ஒன்றிணைப்பை முடிக்கும் கன்சாலிடேட் கட்டளை, கையால் அழிப்பது அல்ல. அதற்கும் டேட்டாஸ்டோரில் காலியிடம் வேண்டும். இல்லையென்றால் முதலில் வேறொரு விஎம்மை வெளியே நகர்த்துங்கள்.

கன்சாலிடேட்டும் தோற்றால் பேக்கப் பிராக்ஸியை (பேக்கப் வேலையைச் செய்யும் விஎம்மை) பாருங்கள். ஹாட்-ஆட் முறையில் (ஓடும்போதே) தன்னோடு இணைத்த டிஸ்க்கை அது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதைக் கழற்றும்போது ‘டேட்டாஸ்டோரிலிருந்தும் ஃபைலை அழி’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். அங்கே தெரிவது பிராக்ஸியின் டிஸ்க் அல்ல, உங்கள் புரொடக்ஷன் டிஸ்க்.

விஎம்வேர் விவரங்களைப் பட்டியலிடும் கருவியான ஆர்விடூல்ஸின் விஹெல்த் பக்கம் ‘ஸோம்பி’ (சொந்தமில்லாத ஃபைல்) என்று காட்டுவது துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. அது இணைந்திருக்கும் விசென்டரைத் தாண்டி அதற்கு எதுவும் தெரியாது. அதே லன்னை (ஸ்டோரேஜ் பெட்டி ஒதுக்கித் தரும் டிஸ்க் பகுதியை) வேறொரு விசென்டரும் பயன்படுத்தினால் அங்குள்ள உயிருள்ள டிஸ்க்குகளும் இங்கே ஸோம்பிதான். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸின் வால்யூம்கள் இருக்கும் எஃப்சிடி ஃபோல்டரும் இதே ரகம்: பாட் (அவற்றைப் பயன்படுத்தும் கன்டெய்னர் குழு) ஓடாத நேரத்தில் அவை எந்த விஎம்மோடும் ஒட்டியிருக்காது.

எல்லாம் பார்த்த பிறகும், உடனே அழிப்பதை நான் ஏற்கமாட்டேன். அதே டேட்டாஸ்டோரில் தனி ஃபோல்டர் போட்டு அங்கே நகர்த்துங்கள். இடம் விடுபடாதுதான். ஆனால் மாதக் கடைசியில் மட்டும் எழும் சர்வர்கள் உண்டு. அந்தத் தேதி கடக்கும்வரை பொறுத்திருக்கலாம். பேக்கப் இருக்கிறதா என்பதையும் இந்த இடைவெளியில் பார்த்துவிடலாம்.

இனி சேராமல் இருக்க, விஎம்வேரின் பரிந்துரை: ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சங்கிலி 32 வரை போகலாம், ஆனால் இரண்டு மூன்றோடு நிறுத்துவது நல்லது. மாதக்கணக்கில் வளர்ந்த ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் ஒன்றிணைப்பு மணிக்கணக்கில் ஓடும், முடிவில் விஎம் சற்று நேரம் உறையவும் கூடும். பகலில் செய்யாதீர்கள்.

அழித்தும் ஸ்டோரேஜ் பெட்டியில் இடம் கூடவில்லையா? விஎம்எஃப்எஸ் 5 என்றால் அன்மேப்பை (காலியான இடத்தை ஸ்டோரேஜுக்குத் திருப்பித் தரும் கட்டளையை) நீங்களே ஓட்ட வேண்டும். விஎம்எஃப்எஸ் 6-இல் அது தானாக, மெதுவாக நடக்கும்.