ஆவுளியா வேஷமும் சாம்பல் சாயமும்: வீட்டில் தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மார்கழியில் பக்கத்துத் தெரு மதினி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு என் வீட்டுக்கு வந்தார். வாளிக்குள் அவர் மகனுடைய ஆவுளியா வேஷம், அதாவது கடல்பசு வேஷம். பள்ளி மாறுவேடப் போட்டிக்கு இரண்டு நாள்தான் பாக்கி. வெள்ளைத் துணியில் முழுசாகத் தைத்து முடித்துவிட்டு, கடைசியில் சாம்பல் சாயத்தில் முக்கியிருக்கிறார். துணி சாயத்தைப் பிடித்தது, நூல் பிடிக்கவில்லை. வயிறு, துடுப்பு, வால் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தையல் கோடு. முதுகில் ஊதாத் திட்டுகள் வேறு. "ராத்திரி முழுக்க உக்காந்து தைச்சேன் மதினி, பிள்ளை போடமாட்டேங்குறான்" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது.

அவர் தையலில் ஒரு குறையும் இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஆண்டுவிழாக் காலம் வந்தால் வீட்டுக்கு வீடு இந்த வேலை நடக்கிறது. வேலு நாச்சியார் 1730-ல் ராமநாதபுரத்தில் பிறந்தவர், அதனால் எந்தப் பள்ளி மேடையிலும் இரண்டு மூன்று நாச்சியார்கள் வாளோடு நிற்பார்கள். பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கென்று 448 சதுர கிலோமீட்டர் காப்பகத்தை 2022-ல் அரசு அறிவித்தபின், எங்கள் பக்கம் பிள்ளைகள் அந்த வேஷத்தையும் ஆசையாகக் கேட்கிறார்கள். இந்த ஊர்த் தண்ணீரிலும் காற்றிலும் சாயம் போடும்போது என்னென்ன கெடும் என்பதை நான் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்கிறேன்.

முதல் தவறு மதினி செய்ததுதான். கடையில் கிடைக்கும் தையல் நூல்கண்டு பெரும்பாலும் பாலியஸ்டர். பருத்திக்குப் போடும் சாயம் அதில் ஏறவே ஏறாது. ஜிப்பின் பட்டை, வெல்க்ரோ, எலாஸ்டிக், பளபள லேஸ் எல்லாம் அப்படித்தான். அதனால் துணி துணியாக இருக்கும்போதே சாயம் போட்டு, காயவைத்து, தேய்த்து, அதன் பிறகு வெட்டுங்கள். சாயம் போட்ட துணியில் ஒரு துண்டைக் கடைக்கு எடுத்துப்போய் அதே நிறத்தில் நூல் வாங்கிக்கொள்ளலாம். இன்னொரு லாபமும் இருக்கிறது. சாயம் திட்டாக ஏறினாலும் அந்த இடத்தை விட்டு வெட்டலாம், அல்லது கைக்கு அடியில் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

துணி வாங்கும்போது "காட்டன்தான்" என்று கடையில் சொல்வதை மட்டும் நம்பி அரை நாள் வேலையைப் பணயம் வைக்காதீர்கள். ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, ஆறினதும் கடுகு மாதிரி கெட்டி மணியாக நிற்கும். இரண்டும் கலந்த துணியில் சாயம் பாதிதான் ஏறும், நிறம் வெளிறியே இருக்கும். சாட்டின், நெட், வெல்வெட் எல்லாம் இப்போது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். நாச்சியாருக்குச் சாட்டின்தான் வேண்டும் என்றால் சிவப்பாகவே வாங்கிவிடுங்கள்.

சாயத்துக்கு நல்லது காடாத்துணி. ஆனால் அதைக் கடையிலிருந்து கொண்டுவந்து நேரே வாளியில் போடுவது அடுத்த தவறு. நெய்யும்போது ஏற்றிய கஞ்சியும் பருத்தியின் இயல்பான மெழுகும் அதில் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்து மாதிரி உருண்டு நிற்கும். சோப்புத் தூளும் கொஞ்சம் சலவைச் சோடாவும் போட்டு அரை மணி, முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். பழுப்புத் தண்ணீர் இறங்கும். காய்ந்தபின் சொட்டு விட்டதும் துணி அதை உடனே குடித்தால்தான் சாயத்துக்குத் தயார். இதிலேயே துணி சுருங்கியும் விடும். மீட்டருக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை போகலாம், அதனால் கூடுதலாக வாங்குங்கள்.

தண்ணீர்

இந்தக் கரையில் பாதி வேலையைக் கெடுப்பது தண்ணீர்தான். போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதே தண்ணீரில் சாயம் கரைத்தால் நிறம் மங்கும், திட்டுத் திட்டாக ஏறும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சாயத்தோடும் அதில் போடும் சோடாவோடும் சேர்ந்து துகளாகப் பிரிந்து துணியில் உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். காய்ச்சினால் சரியாகும் என்று நினைக்கிறோம். கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் காய்ச்சினால் போகும், மீதி அப்படியே நிற்கும். குடம் காசு கொடுத்து வாங்குகிற நல்ல தண்ணீரைச் சாயத்துக்குச் செலவழிக்க மனசு வராது, எனக்கும் வராது. அதற்காகத்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்துவிடுகிறேன். கொதிக்கவைப்பதற்கும் முதல் அலசலுக்கும் போர்வெல் தண்ணீர் போதும். சாயம் கரைக்கவும் கடைசி அலசலுக்கும் மட்டும் மழைத்தண்ணீரோ குடிதண்ணீரோ வேண்டும். ஒரு பிள்ளையின் வேஷத்துக்கு இரண்டு குடத்தில் முடித்துவிடலாம்.

"சாயத்துக்கு உப்பு போடணும்னா கடல் தண்ணியிலேயே போடலாமே அக்கா?" என்று தையல் பழக வந்த பெண் கேட்டாள். நல்ல கேள்வி. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதோடு மெக்னீசியமும் கால்சியமும் ஏராளம். ஒரு கிளாஸ் கடல் தண்ணீரில் ஒரு கரண்டி சோடா போட்டுக் காட்டினேன், மோர் மாதிரி வெளுத்துவிட்டது. அந்த வெள்ளைதான் துணியில் படியும். வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பையும் இப்படிக் கரைத்துச் சோதித்துப் பாருங்கள். கலங்கினால் குழம்புக்கு வைத்துக்கொண்டு, சாயத்துக்குப் பொடியுப்பு வாங்குங்கள். அயோடின் கலந்த உப்பால் ஒன்றும் கெடாது.

சோடா என்றதும் அடுக்களையில் இருக்கும் ஆப்பச் சோடாவை எடுத்துப் போடுகிறவர்கள் அதிகம். பச்சைத் தண்ணீரில் போட்டு, சோடா சேர்ந்ததும் பருத்தியோடு ஒட்டிக்கொள்ளும் ரியாக்டிவ் சாயத்துக்கு அது போதாது, ஆப்பச் சோடாவில் காரம் குறைவு. சோடா ஆஷ்தான் (சலவைச் சோடாவின் நீரற்ற தூள்) வேண்டும். அரை கிலோ துணிக்கு என் கணக்கு: பத்து லிட்டர் தண்ணீர், சாயம் 10 முதல் 20 கிராம், உப்பு அரை கிலோ, சோடா ஆஷ் 100 கிராம். சாயமும் உப்பும் கரைந்த தண்ணீரில், நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டு இருபது நிமிடம் கிளறவேண்டும். பிறகு துணியை ஒதுக்கிவிட்டு, தனியாகக் கரைத்து ஆறவைத்த சோடாவை ஊற்றிக் கலக்கி, இன்னும் ஒரு மணி நேரம். துணி மேலேயே சோடாவை ஊற்றினால் அந்த இடம் கறுத்துத் திட்டாகிவிடும். சோடா கலந்த சாயத் தண்ணீரை மறுநாளைக்கு எடுத்துவைப்பதும் வீண். நிறம் அப்படியே தெரியும், ஆனால் சாயம் தண்ணீரோடு சேர்ந்து தீர்ந்துபோயிருக்கும், துணியில் ஒட்டாது.

சாயப்பொடியை அளக்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். அந்தத் தூள் உள்ளே போனால் சிலருக்கு இளைப்பே வந்துவிடும். சமைக்கிற பாத்திரத்தில் சாயம் கூடாது. அலுமினியச் சட்டி சோடாவுக்கு அரித்துப்போகும். எனக்கு இதற்கென்றே ஒரு பழைய எவர்சில்வர் குண்டானும் இரண்டு வாளியும் உண்டு.

சாம்பல் ஏன் ஊதாவாகிறது

மதினி கறுப்புப் பொட்டலத்தைப் பாதி போட்டால் சாம்பல் வரும் என்று நினைத்திருக்கிறார். கறுப்புச் சாயம் பெரும்பாலும் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பல சாயங்களின் கலவை. அடர்த்தியாகப் போட்டால் கறுப்பாகத் தெரியும். குறைத்துப் போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் துணியில் ஏறி, ஊதாவோ பச்சையோ தலைகாட்டும். முதலில் ஒரு சாண் துண்டில் போட்டு, காயவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்தால் இருக்காது.

ஆவுளியாவுக்கு நான் இப்போது ரசாயனச் சாயமே போடுவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடியும் அன்னபேதியும் (இரும்பு கலந்த உப்பு அது) வாங்குகிறேன். அரை கிலோ துணிக்கு 100 கிராம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, அதில் துணியை ராத்திரி முழுக்க ஊறவிட்டு, அலசாமல் பிழிந்து காயவைக்கிறேன். இளம் பழுப்பாக இருக்கும். மறுநாள் வேறொரு வாளியில் ஐந்து கிராம் அன்னபேதியைக் கரைத்து அதில் துணியை முக்கினால், கண் முன்னாலேயே பழுப்பு சாம்பலாக மாறும். கடலில் நனைந்த பாறை மாதிரி ஒரு சூடான சாம்பல், ஆவுளியாவின் தோலுக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் நான் பார்த்ததில்லை. போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்பே எடுத்து நன்றாக அலசிவிடவேண்டும். இன்னும் கறுக்கட்டும் என்று அன்னபேதியை அள்ளிப் போட்டால் இரும்புச் சத்து பருத்தியை நைந்துபோக வைக்கும். பத்து கிராமுக்கு மேல் நான் போவதே இல்லை. அன்னபேதி இளம்பச்சையாக இருக்கவேண்டும். இந்த ஈரக்காற்றில் திறந்து வைத்தால் துருப்பிடித்த மாதிரிப் பழுப்பாகிவிடும், அதைப் போட்டால் சாம்பலுக்குப் பதில் செம்மண் கறை வரும். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், வாயில் போட்டால் ஆபத்து.

இதில் ஒரு வருஷம் எனக்கு நடந்தது. கடுக்காயில் ஊறிய துணியைக் கொடியில் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் இருக்க நாலு குண்டூசி குத்திவிட்டேன். நம் ஊர்க் காற்றுக்குக் குண்டூசி ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும், நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ஊசி இருந்த ஒவ்வொரு இடத்திலும் மிளகு அளவு கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றி நீலச்சாம்பல் வளையம். எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்ற அதே வேலைதான், நான் கேட்காத இடத்தில் நடந்திருக்கிறது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் கிளிப்தான். கத்தரிக்கோலையும் மிஷின் ஊசியையும் எண்ணெய்த் துணியில் துடைத்து வைக்கிறேன், மிஷினுக்கு எண்ணெய் விட்டால் முதலில் கழிவுத் துணியில் தைத்துப் பார்க்கிறேன்.

பீட்ரூட், செம்பருத்தி, குங்குமம் வைத்து நாச்சியாருக்குச் சிவப்பு வரவைக்கலாம் என்று முயல்கிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு துவைப்பில் ஓடிவிடும். மஞ்சளில் முக்கிய துணி சோப்புப் பட்டதும் சிவக்கும், வெயிலில் வெளுக்கும். கடற்கரை மணலில் வளரும் இம்பூரல் வேர்தான் ஒரு காலத்தில் சோழமண்டலக் கரைத் துணிகளுக்கு அழியாத சிவப்பைத் தந்தது. சாயவேர் என்றே அதற்குப் பெயர். அந்தச் சிவப்பின் சாரமான அலிசரினை 1868-ல் ஜெர்மானியர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள், வேர் தோண்டுகிற தொழிலும் மெல்லப் போய்விட்டது. கடுக்காய், படிகாரம் என்று பல நாள் பக்குவம் கேட்கிற வேலை அது. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதில் இறங்கவேண்டாம்.

காயவைப்பதில் அவசரம் வேண்டாம். முறுக்கிப் பிழிந்தால் முறுக்கின கோடெல்லாம் நிறத்தில் தெரியும். உச்சி வெயிலில் மடித்துப் போட்டால் சாயம் மேலே காயும் பக்கம் நோக்கி ஏறி, மடிப்பும் ஓரமும் கறுத்துவிடும். நிழலில், விரித்து, இடையில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். கச்சான் காற்று நாளில் வெளியே போடவே கூடாது, மணலும் உப்பும் ஈரத்துணியில் அப்பிக்கொள்ளும். சாயத் தண்ணீரைக் கிணற்றடியிலோ ஊற்றுப் பக்கமோ கரையிலோ கொட்டாதீர்கள். ஆவுளியா மேய்கிற கடற்புல் கரையை ஒட்டித்தான் இருக்கிறது.

வெட்டும்போது

ஆவுளியா என்று இணையத்தில் தேடினால் பாதிப் படங்களில் வருவது மானட்டி என்ற வேறொரு கடல்பசு. அதன் வால் துடுப்புக் கட்டை மாதிரி வட்டமாக இருக்கும். நம் ஆவுளியாவின் வால் ஓங்கில் என்கிற டால்பினைப் போல இரண்டாகப் பிளந்தது, மீன் வால் மாதிரி நிமிர்ந்து நிற்காமல் படுக்கைவாட்டில் இருக்கும். முதுகில் துடுப்பு கிடையாது. புல் மேய்வதற்கென்று வாய் கீழ்நோக்கி இருக்கும். இங்கே மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களில் கடலுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், முதுகுத் துடுப்பு வைத்தால் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள்.

அளவைப் பிள்ளை போடப்போகும் உள்சட்டைக்கு மேலேயே எடுங்கள். மார்புக்கு நாலு அங்குலம் தளர்ச்சி வேண்டும். கழுத்தளவு மட்டும் எடுத்துவிட்டுத் தலையை மறந்துவிடுகிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தலைச்சுற்று இருபது அங்குலத்துக்கு மேல் இருக்கும், முதுகுத் திறப்பு இல்லாமல் நுழையாது. வாலை உடம்போடு சேர்த்துத் தைத்துவிடாமல் டிச் பட்டன் வைத்தால், பிள்ளை ஒன்றுக்குப் போக அவிழ்க்கலாம், வரிசையில் உட்காரவும் முடியும். வால் தரையில் இழுபடக்கூடாது, இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும். உள்ளே ஸ்பான்ஞ் வைப்பதானால் வயிற்றுக்கு மட்டும் வையுங்கள், அக்குளில் தைக்காமல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் வேர்த்துக் கொட்டும். காடாத்துணிக்குப் பதினாலாம் நம்பர் ஊசி சரி, ஸ்பான்ஞ் சேரும் இடத்தில் பதினாறு.

மதினியின் வேஷத்தைத் திரும்பச் சாயத்தில் போட நேரம் இல்லை. துணிக்கு அடிக்கிற அக்ரிலிக் பெயிண்டில் கறுப்பும் வெள்ளையும் துளி பழுப்பும் கலந்து, நாலாம் நம்பர் பிரஷ்ஷால் ஒவ்வொரு தையல் கோட்டின் மேலும் இருவரும் இழுத்துக்கொண்டே போனோம். ஊதாத் திட்டுகள் மேல் அதையே தண்ணீர் சேர்த்து ஸ்பான்ஞ்சால் ஒற்றினோம். கிழட்டு ஆவுளியாவின் முதுகில் இருக்கும் கீறல் தழும்புகள் மாதிரி ஆகிவிட்டது. காய்ந்தபின் உள்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டோம், பெயிண்ட் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் பையன் வந்து அதைப் போட்டுப் பார்த்தான், கண்ணாடி முன்னால் படுத்து வாலை ஆட்டினான், அவன் அம்மா கூப்பிட்டும் கழற்றவில்லை.